இறக்கி வைத்தவள்

மிதெல்த் சுரங்கக் குடியிருப்பு
14 அக்டோபர் 1977

அன்புள்ள அக்கா மஹ்ஜூபாவுக்கு,

உன்மேல் சாந்தி நிலவட்டும். இங்கே அவர், மாமி, நான், புதிதாக வந்தவன் எல்லோரும் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஆலையில் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேள் என்றால் நீ கேட்கவா போகிறாய்.

ஆண் குழந்தை, அக்கா. பிறந்து இருபத்து மூன்று நாளாகிறது. ஏழாம் நாள் ஆடு அறுத்து ஜவாத் என்று பெயர் வைத்தார்கள். லஹ்சன் சுரங்கத்து மின்பட்டறையில் தன்னோடு வேலை செய்கிற அத்தனை பேரையும் கூட்டிவந்துவிட்டார். மாமி தினமும் வெந்தயம் போட்டுக் கோழி ரஃபீஸா சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "தின்னுடி, பால் ஊறணும்" என்று ஊட்டாத குறை. குறை சொல்ல ஒன்றுமில்லை. தூக்கம்தான் வரவில்லை. குழந்தை தூங்கும்போதும் வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா என்னைப் பெற்றபோது எப்படி இருந்தாள்? நான் பிறந்த மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கு அப்போது பதிமூன்று வயது. ஏதாவது நினைவிருக்கும். அவளும் இப்படி விழித்துக்கொண்டே இருந்தாளா?

என் கடிதங்களை உனக்கு வாசித்துக் காட்டுவதும் உனக்காக எழுதுவதும் தபால் ஆபீஸ் வாசலில் தட்டச்சு மிஷினோடு உட்காருகிற தையிப்தானே? அவருக்கும் என் ஸலாம்.

உன் தங்கை,
நுஸ்ஹா

*

ஸஃபி
2 நவம்பர் 1977

என் கண்ணு நுஸ்ஹா,

நீயும் மாப்பிள்ளையும் மாமியும் நல்லாருக்கணும். குட்டி ஜவாதுக்கு என் ஆயிரம் முத்தம். சொல்றதைச் சொன்னபடியே அடிக்கணும்னு தையிப் கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். போன தடவை அவர் அலங்காரம் பண்ணி எழுதினதைப் படிச்சிட்டு, "அக்கா, நீ எப்போ மந்திரி ஆனே?"ன்னு கேட்டியே. மனுஷன் இன்னும் முறைக்கிறார்.

இங்க மத்தி வரத்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஆலைச் சங்கு எப்ப ஊதுதோ அப்ப ஓடணும். பாதி வெந்த ஹரீரா சூப்பை அடுப்பிலேயே விட்டுட்டு ஓடியிருக்கேன். கையை எத்தனை தடவை கழுவினாலும் தெருப்பூனையெல்லாம் என் பின்னாடியே வருது. மூட்டு கிடக்கட்டும்.

அம்மா நல்லாத்தான் இருந்தா. நல்லா சாப்பிட்டா, நல்லா தூங்கினா. உன்னைப் பார்த்துச் சிரிச்சிக்கிட்டே இருப்பா. அப்புறம் காய்ச்சல் வந்துச்சு. அவ்வளவுதான். பச்சை உடம்புக்காரி போனவங்களைப் பத்திக் கேக்கக்கூடாது. மாமி குடுக்கறதைச் சாப்பிடு.

உன் அக்கா,
மஹ்ஜூபா

*

மிதெல்த்
25 நவம்பர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். மலையில் பனி விழத் தொடங்கிவிட்டது.

நீ கேட்காததையும் எழுதுகிறேன். தையிப் வாசிப்பார் என்று தெரிந்தும் எழுதுகிறேன். வேறு வழி இல்லை.

இந்த வீட்டில் இப்போது யாரும் என்னை நுஸ்ஹா என்று கூப்பிடுவதில்லை. மாமி, அண்டை வீட்டுக்காரிகள், இவர்கூட, "ஜவாதோட அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்பாகத்தான். ஆனால் அவர்கள் கூப்பிடும்போது நான் திரும்பிப் பார்க்கிறேன், அக்கா, எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறாள் என்று. போன வாரம் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தேன். இது யார் தலை, நான் ஏன் வாரிவிடுகிறேன் என்று தோன்றியது. சீப்பை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வாரவில்லை.

குழந்தை அழுதால் என் மார்பில் பால் சுரக்கிறது. எனக்குள் ஒன்றும் சுரப்பதில்லை. மாமி, "கண்ணு பட்டிருக்கு" என்று படிகாரம் சுற்றிப் போட்டார். லஹ்சன், "எல்லாப் பொம்பளைங்களுக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்குமாம், எங்க ஃபோர்மன் சொன்னார்" என்றார். ஃபோர்மன் எத்தனை பிள்ளை பெற்றாராம் என்று கேட்டேன். சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்க எனக்கு இன்னும் தெரிகிறது.

முற்றத்துக் கிணற்றுக்கு ஒரு மூடி போடச் சொல்லி இவரிடம் கேட்டேன். "எதுக்கு?" என்றார். குப்பை விழுகிறது என்றேன். பலகை அடித்துப் போட்டுவிட்டார். கனமான பலகை. அது எனக்கு நல்லது.

உன்,
நுஸ்ஹா

*

ஸஃபி
7 டிசம்பர் 1977

நுஸ்ஹா,

உடம்பைப் பார்த்துக்கோ. கிணத்துப் பக்கம் நீ போகவே போகாதே. தண்ணி மாமி இறைக்கட்டும், இல்லேன்னா லஹ்சன் இறைக்கட்டும். தனியா இருக்காதே. குழந்தையை வச்சிக்கிட்டுத் தனியா இருக்காதே. ஏன்னு கேக்காதே, அக்கா சொல்றேன் இல்ல, கேளு.

இங்க எனக்குப் பின்னாடி ஆறு பேர் வரிசையில நிக்கறாங்க. எல்லாத்தையும் இங்க வச்சுச் சொல்ல முடியாது. உடனே பதில் போடு.

மஹ்ஜூபா

சகோதரிக்கு: இது உங்கள் அக்கா சொல்லாதது, நானாகச் சேர்க்கிறேன். உங்கள் கடிதத்தில் கிணறு வருகிற இடத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருடமாக அடுத்தவர் கடிதங்களை எழுதுகிறேன். மறைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர் உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும். தையிப்.

*

மிதெல்த்
10 ஜனவரி 1978

மதிப்பிற்குரிய அக்கா மஹ்ஜூபா அவர்களுக்கு,

லஹ்சன் எழுதுவது. இறையருளால் அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.

நுஸ்ஹாவுக்குக் கை வலி இருப்பதால் நானே எழுதுகிறேன். குழந்தை நன்கு வளர்கிறான். அவளுக்குச் சற்று அசதி, வேறொன்றுமில்லை. அம்மா அவளை மலையடிவார தர்காவுக்கு இரண்டு முறை அழைத்துச் சென்று வந்தார். முன்பைவிட அமைதியாக இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை.

தங்கள் கடிதத்தைப் படித்தபோது என் அம்மா அருகில் இருந்தார். கிணற்றைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் எழுதியிருந்தது அவரை மிகவும் வருத்திவிட்டது. "எம் மருமகளை நான் பட்டினியா போடறேன்? அடிக்கிறேனா?" என்று அழுதார். இனி அப்படி எழுத வேண்டாமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த எழுத்தர் தன் தொழிலை மட்டும் பார்ப்பதும் நல்லது.

தங்கள் பணிவுள்ள,
லஹ்சன்

*

ஸஃபி
19 ஜனவரி 1978

தம்பி லஹ்சன்,

நீயும் உங்க அம்மாவும் நல்லாருக்கணும். உங்க அம்மா தங்கமானவங்க. என் தங்கச்சி ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தான் எழுதறா. அவங்க கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டதா சொல்லு.

ஆனா நான் கேக்கறதுக்கு நீ பதில் சொல்லணும். அவ தூங்கறாளா? படுத்திருக்காளான்னு கேக்கலை, தூங்கறாளான்னு கேக்கறேன். தலை வாரறாளா? பிள்ளையைத் தூக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கறாளா, இல்ல அவனைத் தாண்டி எங்கேயோ பார்க்கறாளா? "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நல்லது"ன்னு எப்பவாவது சொன்னாளா? அவளுக்குக் கை வலிக்கலை. எனக்குத் தெரியும்.

சுரங்கத்துல டாக்டர் இருக்கார் இல்ல? அவர்கிட்ட கூட்டிட்டுப் போ. ஊர் என்ன சொல்லும்னு பார்க்காதே. ஊர் சொல்றதைப் பார்த்து ஒரு தடவை பட்டாச்சு.

நானே கிளம்பி வந்திருப்பேன். அஸ்ரூவுக்கு மேல பனியில வழி அடைச்சிருக்குன்னு பஸ்காரன் சொல்றான்.

மஹ்ஜூபா

*

மிதெல்த்
3 பிப்ரவரி 1978

என் அருமை அக்காவுக்கு,

உன்மேல் சாந்தி நிலவட்டும். நான் நலம். இந்தத் தடவை உண்மையிலேயே நலம். கவலைப்படாதே.

கொஞ்ச நாளாக மனசு லேசாக இருக்கிறது. எல்லாம் சரியாகப் போகும் என்று தெரிந்துவிட்டது. குழந்தையை ஆட்டுப் பாலுக்குப் பழக்கிவிட்டேன். மாமி மடியில் என்னைவிட நன்றாகத் தூங்குகிறான். துணிகளையெல்லாம் துவைத்து, மடித்து, எது எங்கே இருக்கிறது என்று மாமிக்குக் காட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான்டி நீ பழைய ஆளாயிட்டே" என்றார். கல்யாணத்துக்கு நீ போட்ட வெள்ளி வளையலை நாத்தனாருக்குக் கொடுத்தேன். அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை.

நீ என்னை அம்மா போல வளர்த்தாய். மத்தி நாற்றத்தோடு வந்து அப்படியே என்னைக் கட்டிக்கொள்வாய். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அதற்காக மன்னித்துவிடு. எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடு.

இந்தப் பனியில் வர வேண்டாம். அவசியமில்லை.

உன் நுஸ்ஹா

*

தந்தி
ஸஃபி, 11 பிப்ரவரி 1978

லஹ்சனுக்கு. அவளை ஒரு நிமிடமும் தனியே விடாதே. குழந்தையைப் பாட்டியிடம் கொடு. கிணற்று மூடிக்கு ஆணி அடி. இன்றே கிளம்புகிறேன். மஹ்ஜூபா.

*

ஸஃபி
11 பிப்ரவரி 1978

நுஸ்ஹா,

இதைத் தையிப் வீட்டுல, கதவைச் சாத்திட்டு, அவர் பெண்சாதி என் கையைப் பிடிச்சிருக்க, சொல்லி எழுதறேன். உன் முன்னாடி வந்து நின்னா எனக்கு வாய் வராம போயிடலாம். அதனால இதை என் ஜாக்கெட்டுக்குள்ள வச்சு எடுத்துட்டு வரேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வரலை.

நான் பொய் சொன்னேன். இருபத்திமூணு வருஷமா சொன்னேன். அம்மா நல்லா தூங்கலை. தூங்கவே இல்லை. உன்னைப் பெத்ததிலேருந்து ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருப்பா. அப்ப நாம ஸஃபியில இல்லை. வடக்கே கடலோரத்துல பாறை மேல இருக்கற மீனவக் குப்பத்துல இருந்தோம். சித்திமாருங்க வந்தா சிரிப்பா. போனதும் முகம் அப்படியே நின்னுடும். அப்பா ஓதிப் பார்த்தார், தாயத்துக் கட்டினார். ஒரு நாள் அம்மா நல்லாயிட்டா. குளிச்சா, கண்ணுக்கு மை போட்டா, வீட்டைக் கழுவினா. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். உன் கடிதத்தைத் தையிப் வாசிச்சப்ப எனக்கு அந்த நாள்தான் தெரிஞ்சது.

அன்னிக்குக் காலையில மாவு பிசைஞ்சு பலகையில வச்சு என் தலையில ஏத்திவிட்டு, "பொது அடுப்புல குடுத்துட்டு, வெந்ததும் வாங்கிட்டு வா, அவசரப்படாதே"ன்னா. அம்மா என்னை அவசரப்படாதேன்னு அதுக்கு முன்னாடி சொன்னதே இல்லை. நான் போனேன். அங்க பொண்ணுங்களோட அரட்டை அடிச்சேன். திரும்பி வந்தா வீடு திறந்து கிடக்கு, நீயும் இல்லை, அவளும் இல்லை.

பாறை வழியா ஓடினேன். உன் அழுகைச் சத்தம் கேட்டுச்சு. அது ஒண்ணுதான் கேட்டுச்சு. காத்து அடிக்காத ஒரு பாறை இடுக்குல, அவளோட வெள்ளைப் போர்வையில உன்னைச் சுத்தி வச்சிருந்தா. போர்வை பறக்கக்கூடாதுன்னு நாலு முனையிலும் கல்லு. அவ இல்லை. சாயங்காலம் வலைக்காரங்க கொண்டு வந்தாங்க.

கேளு நுஸ்ஹா. நல்லா கேளு. அவ உன்னைத் தூக்கிக்கிட்டுத்தான் அங்க போனா. உன்னோட போகணும்னுதான் போனாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா இறக்கி வச்சா. மனசுக்குள்ள அவ்வளவு இருட்டு இருந்தும் நாலு கல்லு தேடி எடுத்து வச்சிருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் முன்னாடி யாராவது வந்து அவளையும் பிடிச்சிருந்தா, தூக்கிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்து, "உனக்கு வந்திருக்கறது ஒரு நோய், நீ கெட்டவ இல்லை"ன்னு சொல்லியிருந்தா, அவ இருந்திருப்பா. நான் ரொட்டி வேகறதுக்காகக் காத்திருந்தேன்.

அவளே போனான்னு தெரிஞ்சா அடக்கத்துக்கு முன்னாடி ஜனாஸாத் தொழுகை நடத்த மாட்டாங்கன்னு அப்பா காய்ச்சல்னு சொல்லிட்டார். குப்பத்துல குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சதும் நம்மளைத் தூக்கிட்டு ஸஃபிக்கு வந்துட்டார். சாகறப்ப என்கிட்ட சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியத்தை இன்னிக்கு உடைக்கிறேன். பாவம்னா என்மேல வரட்டும்.

உனக்குள்ள வந்திருக்கறது அம்மாவுக்கு வந்ததுதான். அது நீ இல்லை. அது வந்திருக்கு, போகும். அது போகிற வரைக்கும் நீ இருக்கணும். மூடியைத் திறக்காதே.

மஹ்ஜூபா

*

மிதெல்த்
15 பிப்ரவரி 1978

அக்கா,

பனி அள்ளும் வண்டியை ஓட்டுகிற உஹம்மு உங்கள் கடிதத்தை நேற்றுக் காலை கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் அஸ்ரூவில் பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையில் மூன்று நாளாகக் காத்திருப்பதாகச் சொன்னார். இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். சுருக்கமாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

தந்தி பன்னிரண்டாம் தேதி பட்டறைக்கு வந்தது. நான் கோபப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் ஆணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா குழந்தையோடு அண்டை வீட்டில் இருந்தார். முற்றத்தில் மூடி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. அது இரண்டு ஆள் தூக்குகிற பலகை, அக்கா. நுஸ்ஹா கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். "ஜவாதோட அம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிறகு, "நுஸ்ஹா" என்றேன். திரும்பினாள்.

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்தேன்" என்றாள்.

பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோனேன். அவள் எதிர்க்கவில்லை, அதுதான் எனக்குப் பயம். மூடிக்கு இருபது ஆணி அடித்தேன். இரண்டு நாள் பட்டறைக்குப் போகவில்லை.

உங்கள் கடிதம் அவள் பெயருக்கு இருந்தது. நீட்டினேன். வாங்கவில்லை. நானே உரக்க வாசித்தேன். அம்மாவும் இருந்தார். வலைக்காரர்கள் வந்த இடத்தில் தாளை மடிக்கப் போனேன். அம்மா, "நிறுத்தாதே, வாசி" என்றார். நாலு கல் என்று வந்ததும் நுஸ்ஹா ஒரு சத்தம் போட்டாள். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. சுரங்கத்தில் ஆள் சிக்கியபோதுகூடக் கேட்டதில்லை. அழுதாள். நாலு மாதமாக அவள் அழவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுது முடித்து, "முதல்ல ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறதா இருந்தோம், நானும் அவனும்" என்றாள். "அவனைத் தூக்கிட்டுப் போயிடுங்க. என்னைக் கட்டிப்போடுங்க."

அம்மா அவளைக் கட்டிப்போடவில்லை. தன் மடியில் போட்டுக்கொண்டார். "கண்ணும் இல்லை மண்ணும் இல்லை, டாக்டரைக் கூப்பிடுடா" என்று என்னைத் திட்டினார்.

சுரங்கத்து டாக்டர் பார்த்தார். மெக்னெஸில் இதற்கென்று ஆஸ்பத்திரி இருக்கிறதாம். வழி திறந்ததும் நாளையோ மறுநாளோ ஆம்புலன்ஸில் வருகிறோம். அஸ்ரூவில் நிற்போம். எங்களோடு ஏறிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு நான் ஜனவரியிலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

லஹ்சன்

*

ஸஃபி
22 ஏப்ரல் 1978

என் கண்ணு,

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துட்டதா லஹ்சன் எழுதினார். அல்லாஹ்வுக்குப் புகழ். மெக்னெஸுல நான் பதினோரு நாள் உன் கட்டில் பக்கத்துல இருந்தேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தே. நர்ஸ் கிட்ட பேசினே, பக்கத்துக் கட்டில்காரி கிட்ட பேசினே. என்கிட்ட பேசலை. எனக்குக் கோபம் இல்லை. பதில் போடணும்னு இல்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.

மஹ்ஜூபா

*

மிதெல்த்
4 ஜூலை 1978

அக்காவுக்கு,

ஸலாம். வீட்டில் எல்லோரும் சுகம். ஜவாத் தவழ்கிறான். மாமியின் செருப்பைக் கடிக்கிறான். என் உடம்பைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே இருந்த ஒரு பெண்ணை எனக்கு அம்மாவாகக் கொடுத்திருந்தாய். அவளைப் போல இருக்க முடியவில்லையே என்று நான் எத்தனை நாள் வெட்கப்பட்டேன் தெரியுமா? அந்தப் பெண் இருந்ததே இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள்தான் இருந்தாள். அவளை எனக்குத் தெரிந்திருந்தால் அக்டோபரிலேயே இந்த நோய்க்குப் பெயர் சொல்லியிருப்பேன். ஆனால் நீ பதிமூன்று வயதுப் பிள்ளை. ரொட்டிக்காகக் காத்திருந்ததற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தையிப்பே, இதை இன்னொரு முறை வாசியுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறேன். பல நாள் நான் நானாக இருக்கிறேன். சில நாள் காலையில் அது வந்து கட்டில் காலடியில் உட்காருகிறது. அப்போது நான் லஹ்சனிடம் வாய்விட்டு, "இன்னிக்கு வந்திருக்கு" என்பேன். அவர் பட்டறைக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பார். காரணம் கேட்க மாட்டார்.

போன வெள்ளிக்கிழமை அண்டை வீட்டுக்காரிகள் தேநீருக்கு வந்திருந்தார்கள். ஒருத்தி, "ஏன்டி மெக்னெஸ் போனே, சீமைக் காத்து வாங்கவா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமி பேச்சை மாற்றப் பார்த்தார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "எங்கம்மா கடல்ல குதிச்சுச் செத்தா. நான் கிணத்துல குதிக்க இருந்தேன். அதுக்கு மருந்து இருக்கு, அதை வாங்கப் போனேன்." அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கோடியில் உட்கார்ந்திருந்த இத்தோ, சுரங்கச் சாவடிக் காவலாளியின் மனைவி, எப்போதும் பேசாதவள், குனிந்த தலை நிமிராமல், "எங்க பெரியக்காவும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாமி எழுந்து போய் அவள் கோப்பையில் தேநீர் ஊற்றினார்.

இப்போது என் உடம்பு. இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறேன். பிப்ரவரியில் பிறக்கும் என்கிறார் டாக்டர். அது மறுபடி வரலாம், வராமலும் போகலாம், முன்கூட்டியே ஆள் துணை வேண்டும் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. மாமிக்கும் பயம், காட்டிக்கொள்வதில்லை.

பிப்ரவரியில் வழி அடைத்துவிடும். அதனால் நவம்பரிலேயே, பனி விழுவதற்கு முன்னால் வந்துவிடு. ஆலையில் சொல்லிவிடு. வர வேண்டாம் என்று நானே எழுதினாலும் வா.

உன் தங்கை,
நுஸ்ஹா